கண்டதும் பிடித்ததும்

சென்னையில் காப்புரிமைத் தேடல் வேலை பார்த்த நான்கு வருடங்களில் நான் அதிகம் யோசித்தது ஒரு எக்செல் கட்டத்தைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஒருவர் வாங்கி வைத்திருக்கும் காப்புரிமையை இன்னொருவர் உடைக்க நினைப்பார். அந்தச் சரக்கு ஏற்கெனவே உலகத்தில் இருந்தது என்று காட்டும் பழைய ஆவணத்தைத் தேடித்தரும் வேலை கடல் தாண்டி எங்களிடம் வரும். அந்த ஆவணத்துக்குத் துறையில் பெயர் ‘பிரையர் ஆர்ட்’. காப்புரிமைக்காரர் தன் எல்லையைக் கோடு போட்டுச் சொல்லும் வாக்கியம் ‘கிளெய்ம்’. அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி இடப்பக்கம் அடுக்குவோம். ஒவ்வொரு துண்டுக்கும் நேராக, பழைய ஆவணத்தில் அது எங்கே இருக்கிறது என்று குறிப்போம். கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றைப் போட வேண்டும்: வெளிப்படை, இல்லை, உள்ளார்ந்தது.

முதல் இரண்டில் சிக்கல் கிடையாது. மூன்றாவதுதான் ராத்திரி தூங்கவிடாது. ‘உள்ளார்ந்தது’ என்று போட்டால் அர்த்தம் இதுதான்: பழைய ஆவணம் இந்தப் பண்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதியவருக்கே தெரிந்திருக்காது, ஆனாலும் அவர் செய்த பொருளுக்குள் அது இருந்தே தீரும்.

ஒருமுறை ஒரு பசை வந்தது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அழுத்தினால் ஒட்டும் வகை. செலோடேப், ஸ்டிக்கர், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி எல்லாம் இந்தக் குடும்பம். தண்ணீர் வேண்டாம், சூடு வேண்டாம், விரலால் அழுத்தினால் போதும். கிளெய்மின் முதல் பாதியில் சேர்மானம் இருந்தது: எந்தெந்த அக்ரிலேட், எத்தனை சதவீதம். மறுபாதியில் பண்பு: எஃகுத் தகட்டில் ஒட்டி, சூட்டில் வைத்து, 180 டிகிரியில் மடக்கி உரித்தால் இந்த அளவு விசைக்குள் வந்துவிட வேண்டும், தகட்டில் கறை மிஞ்சக்கூடாது.

மூன்று நாள் தேடி ஒரு பழைய ஜப்பானிய ஆவணத்தைப் பிடித்தேன். அதே அக்ரிலேட்கள், ஏறக்குறைய அதே சதவீதம். ஆனால் அவர்கள் அதைத் துணிக்கு மேல்பூச்சாகச் செய்திருந்தார்கள். எஃகுத் தகடு, சூடு, உரித்தல் எதுவும் அதில் இல்லை. குழுத் தலைவியிடம் கேட்டேன்.

“அக்கா, இதை என்னன்னு போடறது?”

“சேர்மானம் ஒண்ணுதானே? அப்ப பண்பும் ஒண்ணாத்தான் இருக்கும். உள்ளார்ந்ததுன்னு போடு. மிச்சத்தை வக்கீல் பாத்துப்பாரு.”

போட்டேன். போட்டதிலிருந்து ஓர் உறுத்தல். என்றோ எழுதப்பட்ட ஒரு தாள், தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனோ?

அக்கா சொன்னது அவர் கண்டுபிடித்த நியாயம் கிடையாது. பசை உலகத்தில் அதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கே இருக்கிறது. 1990-ல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘இன் ரீ ஸ்பாடா’. காப்புரிமை கேட்டவர்களின் பாலிமர், அழுத்தினால் ஒட்டும் பசை. மிருதுவானது, பிசுபிசுப்பானது. ஆய்வாளர் எடுத்துக் காட்டிய பழைய காப்புரிமையிலோ அதே மூலப்பொருள்கள், ஒன்றின் மேல் ஒன்று விழும் விகிதங்கள், ஒத்த தயாரிப்பு முறை. ஆனால் அங்கே கிடைத்ததாகச் சொல்லப்பட்டது கடினமான, தேய்மானம் தாங்கும் திடப்பொருள். ‘எங்களுடையது ஒட்டுகிறது, அது ஒட்டவில்லை. எப்படி இரண்டும் ஒன்றாகும்?’ என்பது விண்ணப்பதாரர்களின் வாதம். காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் ஏற்கவில்லை. நீதிமன்றமும் ஏற்கவில்லை. வேதியியல்படி ஒரே சேர்மானம் என்றால் ஒன்றையொன்று மறுக்கும் பண்புகள் அதற்கு இருக்க முடியாது. வேறு என்று சொல்கிறீர்களா, செய்து காட்டுங்கள். பண்பை வாக்கியத்தில் சேர்த்துவிட்டால் பழைய பொருள் புதிதாகிவிடாது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

இன்னொரு வழக்கு இதைவிடக் கூர்மையானது. 1985-ல் அதே நீதிமன்றத்துக்கு ஒரு டைட்டானியம் உலோகக்கலவை வந்தது. சூடான உப்புநீரில் அரிக்காது என்பது அதன் பெருமை. கிளெய்ம் கேட்டதோ அந்தக் கலவையையே. 1970-ல் வந்த ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியின் கலவை கிளெய்முக்குள் விழுந்தது. உப்புநீர் பற்றி அந்தக் கட்டுரை மூச்சே விடவில்லை. அது போதும் என்றது நீதிமன்றம். புள்ளி இருக்கிறது, ஆகவே கலவை பழையது. அரிக்காது என்று கண்டறிந்தது நல்ல விஷயம்தான், ஆனால் கலவை உங்களுடையது ஆகாது.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எவனோ ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனான். இவர்கள் அதன் குணத்தைத் தேடிக் கண்டார்கள். பலன் ஒன்றுமில்லையா?

கோபம் தணியக் காரணமாக இருந்தது நம் மொழியில் உள்ள ஒரு சொல். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருப்பதைக் காண்பதற்கு ஒரு சொல், இல்லாததை உண்டாக்குவதற்கு இன்னொரு சொல். நாம் இரண்டுக்கும் ‘கண்டுபிடித்தார்’ என்கிறோம். அமெரிக்காவையும் கண்டுபிடித்தார்கள், பல்பையும் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதை மொழியின் குறை என்று ஒரு வாத்தியார் சொன்னார். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. சொல்லைப் பிரித்தால் கண்டு, பிடிப்பது. இரண்டு வினைகள். காண்பது அறிவு. பிடிப்பது உடைமை. காப்புரிமை வழக்குகளின் பாதிச் சண்டை, கண்டவருக்குப் பிடித்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடுமா என்பதுதான்.

காப்புரிமையைப் பரிசுக் கோப்பை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேலி. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் ‘நீ செய்யாதே’ என்று மற்ற எல்லோரிடமும் சொல்லும் அதிகாரம். இப்போது ஸ்பாடா வழக்கைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஆவணத்தில் உள்ளபடி ஒருவர் வருடக்கணக்காகப் பூச்சு தயாரித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பாலிமருக்கு, அது ஒட்டும் என்று கண்டவருக்குக் காப்புரிமை போய்விட்டால், மறுநாள் காலையில் பழைய தயாரிப்பாளர் குற்றவாளி. அவர் கைமுறையில் ஒன்றும் மாறவில்லை. மாறியது வேறொருவருடைய அறிவு மட்டும். பின்னால் வந்தால் எது அத்துமீறலோ, அது முன்னால் வந்திருந்தால் காப்புரிமையைத் தடுக்கும் என்று 1889-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கு இந்தப் பழைய தயாரிப்பாளரைக் காப்பாற்றுகிறது.

கண்டவருக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பழைய பொருளின் புதிய பயன்பாட்டை ஒரு செய்முறையாகக் கோரலாம். பொருளைக் கேட்காதே, அதை வைத்து நீ புதிதாகச் செய்வதைக் கேள் என்கிறது சட்டம். இந்தியா இன்னும் கறார். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளின் புதிய பண்பையோ புதிய பயனையோ வெறுமனே கண்டறிவதைக் கண்டுபிடிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதே பிரிவின் இன்னொரு பகுதிதான், தெரிந்த பொருளின் புதிய வடிவம் பற்றியது, 2013-ல் நோவார்டிஸ் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது சென்னை அலுவலகத்தில், 2006-ல்.

சரி, வேலி கூடாது என்பது புரிந்துவிட்டது. ஆனால் அடியில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யாரும் பார்க்காத பண்பு ‘இருந்தது’ என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறோம்?

எள்ளுக்குள் எண்ணெய் இருக்கிறது என்று சாங்கியர்கள் சொன்னார்கள். காரியம் காரணத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது, செக்கு அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். சைவ சித்தாந்தமும் இந்தக் கட்சி. நியாய வைசேஷிகர்கள் ஒப்பவில்லை. இல்லாத ஒன்றுதான் புதிதாகப் பிறக்கிறது என்றார்கள். நான் அந்தக் கட்டத்தை நிரப்பியபோது எனக்குத் தெரியாமலே சாங்கியன் ஆகியிருந்தேன்.

ஆனால் ஒட்டும் தன்மை எண்ணெய் மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை. அது, இன்னது செய்தால் இன்னது நடக்கும் என்கிற ஒரு வாக்குறுதி. கண்ணாடி உடையக்கூடியது என்றால் அது இப்போது உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, கல் பட்டால் உடையும் என்று அர்த்தம். கில்பர்ட் ரைல் 1949-ல் எழுதிய புத்தகத்தில் மனத்தின் குணங்களைப் பேச இந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறார். பசையும் அப்படி. எந்தப் பரப்பு, எந்த வெப்பம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் உரிக்கிறோம் என்று சொல்லாமல் ஒரு பசை எவ்வளவு ஒட்டும் என்று சொல்ல முடியாது. எஃகில் பிடிவாதமாக நிற்பது பாலித்தீனில் வழுக்கிவிடும்.

இதற்கு நல்ல கதை சூப்பர் க்ளூ. 1942-ல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். சயனோஅக்ரிலேட் கையில் வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்ததால் ஒதுக்கிவைத்தார்கள். 1951-ல் வேறொரு ஆராய்ச்சியில், கூவரின் கீழ் வேலை செய்த ஃப்ரெட் ஜாய்னர் அதே வகைப் பொருளை ஒளிவிலகல்மானியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே வைத்தார். பட்டகங்கள் பிரியவில்லை. விலை உயர்ந்த கருவி போயிற்று. அப்போதுதான் இது ஒரு பசை என்று கூவருக்கு உறைத்தது. 1958-ல் சந்தைக்கு வந்தது. பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரமே அதை இறுகச் செய்துவிடும். 1942-லும் காற்றில் ஈரம் இருந்தது, பொருளும் இருந்தது, ஒட்டவும் செய்தது. பார்த்தவரும் அதே ஆள். ஒன்பது வருடம் கழித்துத்தான் தொல்லை பண்பாயிற்று.

அப்படியானால் 1942-ல் அது பசையா? வேதியியலைக் கேட்டால் ஆமாம். கூவரைக் கேட்டால் இல்லை. இரண்டு பதிலுமே சரி. ஒன்று பொருளைப் பற்றியது, மற்றது அறிவைப் பற்றியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே உதாரணம் உண்டு.

என் பெரியப்பாவுக்கு எந்தச் செய்தியைக் காட்டினாலும் ஒரே பதில். “தம்பி, இதெல்லாம் அன்னைக்கே நம்ம ஆளுங்க சொல்லிட்டாங்கப்பா.” விமானம், அணு, குளோனிங், எல்லாமே. அவரைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஜப்பானிய ஆவணத்துக்கு நேராக ‘உள்ளார்ந்தது’ என்று நான் போட்டதும் அவர் செய்வதும் பார்ப்பதற்கு ஒன்றேதான். இன்றைக்குத் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பிரதிக்குள் போய், இதோ இங்கே இருக்கிறதே என்று எடுப்பது.

வித்தியாசம் இரண்டு. பெரியப்பா முன்னோர்களுக்குப் பெருமை கேட்கிறார். சட்டம் பழைய ஆளுக்கு ஒரு பெருமையும் தருவதில்லை. ரஷ்யக் கட்டுரையாளர்கள் அரிப்பைத் தடுக்கும் கலவையைக் கண்டறிந்தார்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கண்டறிந்த பெருமை பின்னால் வந்தவருக்கே. அவருக்கு வேலி இல்லை என்பது மட்டும்தான் தீர்ப்பு. ‘உள்ளார்ந்தது’ என்கிற சொல்லால் யாரும் பெரிய ஆளாவதில்லை. பொருள் பொதுவில் நிற்கிறது.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். ‘இருந்திருக்கலாம்’ என்பதைச் சட்டம் ஏற்காது. ‘இருந்தே தீரும்’ என்று காட்ட வேண்டும். 1880-81 வாக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலம் பிரிக்கும் முறை பற்றிய வழக்கு ஒன்று வந்தது. நீராவி எந்திரத்தின் உருளையில் உயவுக்காகப் போட்ட கொழுப்பில் சூடும் நீரும் சேர்ந்து அதே வினை முன்பே நடந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. யாரும் அறியாமல், நினைக்காமல், தற்செயலாக எங்கோ நடந்தது போதாது என்றது நீதிமன்றம். 1999-ல் குழந்தைகளின் டயப்பர் பற்றிய வழக்கு. அழுக்கான டயப்பரைச் சுருட்டி மூட மூன்றாவதாக ஒரு பிடிப்பான் வேண்டும் என்பது கிளெய்ம். பழைய டயப்பரில் இருந்தது இரண்டு. அந்த இரண்டையே வைத்துச் சுருட்டி மூடலாமே என்று மேல்முறையீட்டு வாரியம் நிராகரித்தது. கூட்டாட்சி நீதிமன்றம் வாரியத்தின் முடிவை ரத்து செய்தது. செய்யலாம் என்பது வேறு, அது அங்கே கட்டாயம் இருக்கிறது என்பது வேறு.

பெரியப்பாவுக்கு இந்தப் பரீட்சையை வைத்தால் ஒரு கேள்வியில் தோற்றுவிடுவார். எனக்கு வைத்தால்?

நானும் தோற்றேன். ஜப்பானிய ஆவணத்தில் மூலப்பொருள்களின் விகிதம் இருந்தது. ஆனால் பாலிமரின் குணத்தை விகிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த வெப்பத்தில் வினை நடந்தது, தொடக்கிப்பொருள் எவ்வளவு, சங்கிலிகள் எவ்வளவு நீளம் வளர்ந்தன, குறுக்குப் பிணைப்பு எவ்வளவு விழுந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் உரிக்கும் விசை. அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு. ஒரு வீட்டில் இட்லி பூவாக வருகிறது, பக்கத்து வீட்டில் கல்லாக வருகிறது. என் ஆவணத்தில் வெப்பநிலை ஒரு வீச்சாக இருந்தது, மூலக்கூறு எடை இல்லவே இல்லை. அந்த வீச்சின் ஒரு முனையில் செய்தால் கிளெய்மில் சொன்ன பசை வந்திருக்கலாம், மறுமுனையில் செய்தால் வராமல் போயிருக்கலாம். ‘இருந்தே தீரும்’ என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. என்னிடம் இருந்தது ஒரு கணினியும் ஒரு கெடுநாளும்.

காப்புரிமை ஆய்வாளரிடமும் ஆய்வுக்கூடம் கிடையாது. 1977-ல் வந்த ‘இன் ரீ பெஸ்ட்’ தீர்ப்பு அதனால்தான் ஓர் ஏற்பாடு செய்தது: இரண்டும் ஒன்று என்று நம்ப ஆய்வாளர் நியாயமான காரணம் காட்டிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர் தலையில். பொருளைச் செய்து பார்க்கக்கூடியவர் அவர்தானே. ஸ்பாடா தோற்றதும் இங்கேதான். இது நியாயம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லோருக்கும் ஒரே எடையில் விழும் நியாயமில்லை. பெரிய நிறுவனம் பழைய செய்முறையைத் தன் கூடத்தில் மறுபடி செய்து அளந்து காட்டிவிடும். இரண்டு பேர் நடத்தும் கம்பெனி, வேறு யாரோ எழுதிய அரைகுறைச் செய்முறையைத் தன் காசில் சமைத்துக் காட்ட வேண்டும். கொடுத்துவிட்ட காப்புரிமையை உடைக்க வருபவர் விஷயத்தில் சுமை மறுபக்கம், உடைப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நான் வேலை செய்தது உடைப்பவருக்காக. ஆகவே அந்தக் கட்டத்தில் நிரூபணத்தின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவன் நான்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் மஞ்சளை இழுத்தார். “நம்ம பாட்டிங்க வெச்ச மஞ்சள் பத்துக்கு அமெரிக்காவுல பேட்டண்ட் குடுத்தானே, அப்ப எங்க போச்சு உன் உள்ளார்ந்தது?” கேள்வி நியாயமானது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுக்கப்பட்டது. நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து வாதாடி, 1997-ல் அது அடிபட்டது. அடிபட வைத்தது எழுத்து: சமஸ்கிருதப் பழம் நூல், மருத்துவ இதழ்க் கட்டுரை போன்றவை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டில் மக்கள் அறிந்து பயன்படுத்துவது கணக்கில் வராது, அச்சில் இருந்தால்தான் வரும். 2011-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2013 முதல்தான் அந்த எல்லைக்கோடு போனது.

ஆக அன்று நிலைமை இப்படி இருந்தது. யாருக்கும் தெரியாத ஒட்டும் தன்மை, அச்சான தாளில் பொருள் இருந்ததால், ‘பழையது’. கோடிப் பேருக்குத் தெரிந்த மஞ்சள் வைத்தியம், தாளில் காட்டும்வரை, ‘புதியது’. பொருளின் மௌனத்தைக் கேட்ட சட்டத்துக்குப் பாட்டியின் பேச்சு கேட்கவில்லை. கண்டவருக்கு வேலி கிடையாது என்கிற கொள்கையை நான் ஆதரிக்கிறேன். ஆதரிப்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: யார் முதலில் கண்டார்கள் என்று எண்ணும்போது எழுதியவர்களை மட்டும் எண்ணினால் பொதுச்சொத்து பாதிதான் பொது.

அந்தப் பசை வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்கள் அறிக்கைகள் போகும், பணம் வரும், முடிவு வராது. காப்புரிமை வாங்கியவர் சிறிய ஆளா, பெரிய ஆளா என்றும் தெரியாது. ஆனால் அதற்குப் பின் வந்த அறிக்கைகளில் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கட்டத்தில் ‘உள்ளார்ந்தது’ என்று போட்டால், பக்கத்தில் எதனால் தவிர்க்க முடியாது என்று ஒரு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் அந்தச் சொல்லைப் போடமாட்டேன். முதல் தடவை ஒரு கட்டத்தில் ‘இருக்கலாம், செய்து பார்த்தால்தான் தெரியும்’ என்று எழுதி அனுப்பினேன். அக்கா படித்துவிட்டு என் மேசைக்கே வந்தார்.

“இப்படி எழுதினா வக்கீல் திட்டுவாருடா.”

“தெரியலையேக்கா.”

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மாற்றாமலே அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.